சீர்வரிசையில் ஒரு பட்டாளப் படம்

என் அப்பா பட்டாளத்தில் கேப்டனாக இருந்தவர். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் முதுகை நிமிர்த்தி உட்காருவார்கள். பீரங்கி, காயம், மெடல் என்று எதையாவது எதிர்பார்ப்பார்கள். நான் மேலே சொல்லச் சொல்ல முதுகு பழையபடி வளைந்துவிடும்.

எங்கள் குடும்பம் தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் கருப்பட்டியும் வற்றலும் மொத்த வியாபாரம் செய்த குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வசதியாகிக்கொண்டிருக்க, அப்பா மட்டும் கை நடுங்காமல் கோடு போட வரும் என்ற ஒரே காரணத்துக்காக சர்வே ஆபீசில் படம் வரையும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். சண்டை வந்தது. பட்டாளத்துக்கு மேப் போட ஆள் தேவைப்பட்டது. அப்பாவை லெப்டினன்ட் ஆக்கி, அப்புறம் கேப்டனும் ஆக்கி, பர்மா எல்லைக்கு அனுப்பினார்கள். ஜப்பான்காரன் முன்னேறியபோது அப்பாவின் பிரிவு மேப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது. அவன் பின்வாங்கியபோது அதே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனது. மொத்தத்தில் அவருடைய யுத்தம் அவ்வளவுதான்.

கைத்துப்பாக்கியை ஒரே ஒரு தடவை சுட்டிருக்கிறார். புதிதாகப் போட்ட மேப் ஒன்றைப் பறித்துக்கொண்டு மரமேறிய குரங்கை மிரட்டுவதற்காக. குரங்கு மிரளவில்லை. மேப்பை நிதானமாகக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இறங்கியது. இந்தக் கதையை அப்பாவே எல்லோரிடமும் சொல்லுவார். அதனால் பெரியப்பா அவருக்கு வைத்த பெயர் காகிதக் கேப்டன். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும், "வாங்க காகிதக் கேப்டன்" என்றுதான் பெரியப்பா வாசலிலிருந்தே வரவேற்பார். அப்பா கோபித்துக்கொண்டதில்லை. "காகிதத்துல கோடு தப்பா விழுந்தா பீரங்கி நம்ம ஆளையே அடிக்கும் அண்ணே" என்பார். பெரியப்பாவுக்கு அது புரிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சண்டை முடிந்து திரும்பி வந்தவர் துறைமுகத்தில் வேலைக்குப் போனார். அந்த வேலையிலும் படம்தான். போதாதென்று, பழைய பட்டாள மேப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தார். வெள்ளைக்கார துரைமார் ஊரைவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம் அது. அவர்கள் வீட்டுச் சாமான்கள் பழைய புத்தகக் கடைகளுக்கு மூட்டை மூட்டையாக வந்தன. கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்துப் பட்டாளம் எந்த வழியாக நடந்தது, எங்கே கூடாரம் அடித்தது, எந்தக் கோட்டையை எந்தப் பக்கம் இடித்தது என்றெல்லாம் கையால் வரைந்த படங்கள். கிழியாமல் இருக்கப் பின்னால் துணி ஒட்டி, மடிப்பு மடிப்பாக வெட்டி வைத்திருப்பார்கள். மலைகளெல்லாம் கம்பளிப்பூச்சி படுத்திருப்பது மாதிரி இருக்கும். கிணறு போட்டிருந்தால் பக்கத்திலேயே பொடி எழுத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இங்கிலீஷில் குறிப்பு இருக்கும். அப்பா சீயக்காய் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அவற்றைத் தொடுவார். எங்களை மூச்சுவிடக்கூட விடமாட்டார். ஈரம் பட்டுவிடுமாம்.

கட்டிலுக்கு அடியில் திருச்சி. அலமாரிக்கு மேலே ஸ்ரீரங்கப்பட்டணம். பூஜை மாடத்துக்குப் பின்னால் பாளையக்காரர்கள். அரிசிக்கு ரேஷன் வரிசையில் நின்று வந்த அம்மாவுக்கு வீட்டில் அரிசிப்பானை வைக்க இடமில்லாமல் போயிற்று. "ராஜ்ஜியத்த எல்லாம் வெளிய வச்சுட்டு மனுஷங்கள உள்ள விடக்கூடாதா?" என்று அவள் கேட்காத நாள் கிடையாது.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். சொல்லப்போனால் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள், மேப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் காபித் தட்டோடு வருவதற்குள் அப்பா ஒரு கோட்டையை விரித்துவிடுவார். ஒரு தடவை பையனின் தாய்மாமன், முற்றுகை நடுவில் இருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். இன்னொரு வீட்டார், பெண் நல்ல பெண்தான், தகப்பனாருக்குத்தான் கொஞ்சம் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அழுதாள். நான் அழவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. வயது ஏறிக்கொண்டே போனது. பெரியம்மாக்கள் என்னைப் பார்க்கும் பார்வையில் இரக்கம் கலக்க ஆரம்பித்திருந்தது. அந்த இரக்கத்தை என்னால் சகிக்க முடியவில்லை.

அப்போது வந்ததுதான் திருவொற்றியூர் காலடிப்பேட்டை மரவாடிக்காரர் வீட்டு வரன். அவர்களும் தெற்கத்திக்காரர்கள், எங்கள் ஆட்கள். பர்மாத் தேக்கு வியாபாரம். நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் அந்த மரவாடியைப் பற்றி வேறொன்றும் தெரியும்.

தெரிந்தது மீன்காரம்மா மூலமாக. காலடிப்பேட்டைக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள் அவள். ஒரு வருஷமாக நேரம் கழித்து வந்துகொண்டிருந்தாள். ஏன் என்று அம்மா கேட்டதற்குக் கூடையை இறக்கிவிட்டுப் பொரிந்து தள்ளினாள்.

"அத்த இன்னாத்துக்குக் கேக்கற? கடலாண்ட இருந்து ரோட்டுக்கு நேரா ஒரு வயி இருந்துச்சி. எங்க பாட்டன் பூட்டன் நடந்த வயி. அந்த மரவாடி அண்ணாச்சி வேலி போட்டு அடைச்சிக்கினாரு. இப்போ ஊரச் சுத்திக்கினு வரணும், கயுத்து நோவுது. மீனும் மசிஞ்சி பூடுது. போயி கேட்டா, எய்தின காயிதம் ஒண்ணு காட்டு, அன்னிக்கே தொறக்கறேன்றாரு. எங்க கையில காயிதம் ஏது? வலைதான் கீது."

அவர் அதைக் குப்பத்துப் பெரியவர்கள் எல்லோர் முன்னாலும் கோயில் வாசலில் வைத்துச் சொல்லியிருந்தார். வியாபாரி வாக்கு. காகிதம் இருக்காது என்று தெரிந்து கொடுத்த வாக்கு.

பெண் பார்க்க வரும் அன்று காலையில் அம்மா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எந்த மேப்பையும் எடுக்காதீங்க. உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன்." அப்பா பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார். கோட்டை எதையும் எடுக்க மாட்டேன் என்றார். எங்களுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வந்தார்கள். மரவாடி அண்ணாச்சி கனத்த உடம்பு, சந்தனம், சிரித்த முகம். அவர் மனைவி பட்டுப்புடவையில். பக்கத்தில் பையன், கழுத்துப் பட்டன் வரை போட்ட வெள்ளைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு. நான் தட்டைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அப்பா தரையில் ஒரு மேப்பை விரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கோட்டை இல்ல, கடற்கரை" என்று அம்மாவைப் பார்த்துச் சமாதானம் சொன்னார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பி, "உங்க இடம் இதுல இருக்கு, பாருங்க! சென்னைக் கோட்டையிலேருந்து பழவேற்காடு வரைக்கும் பட்டாளம் போறதுக்காகப் போட்டது. இதோ ஒற்றியூர் கோயில். இது காலடிப்பேட்டை. இந்தப் பனந்தோப்பு இருக்கே, இதுதான் இப்போ உங்க மரவாடி" என்றார்.

அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். அவர் மனைவியும் குனிந்தார்.

"தோப்புக்கு நடுவுல செவப்பா ஒரு கோடு போகுதே, அது என்ன?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அதுவா? பாதை!" என்றார் அப்பா. "ஊர்லேருந்து கடலுக்குப் போற பாதை. சின்ன வண்டி போகும்னு குறிச்சிருக்கான். அந்தக் காலத்துலயே ஜனங்க நடந்திருக்காங்க பாருங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணாச்சி குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பையன்தான். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காமல், காபி சிந்தச் சிந்தச் சிரித்துக்கொண்டிருந்தார். தன் தகப்பனார் மாட்டிக்கொண்டதைப் பார்த்து இப்படி மனம்விட்டுச் சிரிக்கிற ஆளோடு காலம் தள்ளலாம் என்று எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றிவிட்டது. அதுவரை வந்த எவரிடமும் அப்படித் தோன்றியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த வரன் எனக்கு வேண்டும் என்று மனதுக்குள் ஒற்றியூர் அம்மனை வேண்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். முகத்தில் பழைய சிரிப்பு அப்படியே இருந்தது. வியாபாரி என்றால் அவர்தான் வியாபாரி.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. நகை, பாத்திரம் எல்லாம் உங்க இஷ்டம்போலச் செய்யுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. இந்தப் படத்த மட்டும் சீரோட வச்சிருங்க. எங்க இடம் இருக்குதுல்லா, ஒரு ஆசை."

"தாராளமா" என்றார் அப்பா.

அம்மா பூரித்துப்போனாள். பாதி பெண்ணுக்காகவும், மறு பாதி வீட்டைவிட்டு ஒரு மேப்பாவது ஒழிகிறதே என்பதற்காகவும். எனக்குத்தான் அண்ணாச்சி அதை ஏன் கேட்கிறார் என்று புரிந்தது. மறுநாள் மீன்காரம்மாவிடம் சொன்னபோது அவள் கூடையைக்கூட இறக்கவில்லை. "அடுப்புல போட்ருவாரு கண்ணு. அத்தோட எங்க கத சரி" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

நான் அப்பாவிடம் வேலி விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். "அப்படியா சங்கதி" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை மேப்பைச் சுருட்டிக்கொண்டு, படங்களுக்குக் கண்ணாடி போடும் கடைக்குப் போனார்.

எங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். பெண் வீட்டார் சீரைத் தட்டுத் தட்டாக ஏந்திக்கொண்டு, மேளத்தோடு தெருவில் ஊர்வலமாகப் போக வேண்டும். பந்தலில் எல்லார் முன்னாலும் ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக்காட்டி, இன்னது இன்னது என்று உரக்கச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். குத்துவிளக்கிலிருந்து முறம் வரைக்கும் ஊர் பார்க்கும், ஊர் கேட்கும். பிறகு யாரும் வரவில்லை என்று சொல்ல முடியாது, தரவில்லை என்றும் சொல்ல முடியாது. அண்ணாச்சிக்கு இந்த வழக்கம் தெரியாததில்லை. ஆனால் அவர் மனதில் இருந்தது, கைக்கு அடக்கமாக மடித்த ஒரு பழைய துணிப்படம். வெற்றிலைத் தட்டுக்கு அடியில் வந்துவிடும், எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

கடையிலிருந்து வந்தது வாசற்கதவு அகலத்துக்குத் தேக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டிய படம். உள்ளே நுழையவில்லை. கூடத்து ஜன்னல் கம்பியைக் கழற்றி உள்ளே விட்டார்கள். அம்மா நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அப்பா என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் அவர் ஊர்வலத்துக்கு வழி போட்டுக்கொண்டிருந்தார். எந்த வண்டி முன்னால், எந்தத் தெருவில் திரும்புவது, குப்பத்து வழியாக எப்படிப் போவது என்றெல்லாம். மாட்டு வண்டிக்காரர்களுக்குக் கொடுக்க விசில்கூட வாங்கி வைத்திருந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

"நீங்க ஜெயிச்சிட்டு ராயபுரம் வந்துடுவீங்க. அந்த வீட்டுல இருக்கப் போறது நான். ஊர் பார்க்கத் தலைகுனிஞ்ச மாமனாரோட. அதை யோசிச்சீங்களா அப்பா?"

பென்சில் நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். எந்தத் தகப்பனும் சொல்லுவான்.

"யோசிக்கலையேம்மா" என்றார்.

அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. "இப்பவும் ஒண்ணும் கெட்டுடல. சட்டத்தைக் கழட்டி மடிச்சிக் குடுத்துடலாம். பின்வாங்கறது எனக்குப் புதுசா என்ன? பர்மா பூரா அதானே செஞ்சேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. முடிவை என் தலையில் கட்டுகிறாரே என்று. கோபத்தோடேயே யோசித்தேன். மடித்துக் கொடுத்தால் நல்ல மருமகளாகப் போய் இறங்கலாம். ஆனால் அந்த வீட்டு மாடியில் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அந்த வேலி கண்ணில் படும். வேலிக்கு அந்தப் பக்கம் கூடையோடு ஒருத்தி ஊரைச் சுற்றிக்கொண்டு போவாள். அவளிடம் நான் தினமும் மீன் வாங்க வேண்டும்.

"தூக்கிட்டு வாங்க. எனக்கு என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்" என்றேன். சொன்ன பிறகு அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அப்பா பெட்டியிலிருந்து பட்டாளத்து உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். வயிற்றுப் பக்கம் பட்டன் போட முடியவில்லை, அம்மா ஊக்கு குத்திவிட்டாள். ஊர்வலம் கடலோரமாகப் போனது. முன்னால் நாதஸ்வரம், பின்னால் அண்டா, குத்துவிளக்கு, பழத்தட்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் நாலு பேர் தோளில் சாமி புறப்பாடு மாதிரி அந்தப் படம். பக்கத்தில் விசிலோடு அப்பா. குப்பமே வெளியே வந்து பார்த்தது, பார்த்ததோடு நிற்காமல் பின்னாலேயே பந்தலுக்கும் வந்தது. அக்கம்பக்கத்தார் என்று அண்ணாச்சியே அவர்களை அழைத்திருந்தார். பந்தல் மரவாடித் திடலிலேயே, வேலியை ஒட்டித்தான்.

சீரைச் சொல்லி ஒப்படைத்தது பெரியப்பா. குடும்பத்தில் அவர் குரல்தான் பெரிய குரல். அண்டா, குடம், விளக்கு என்று வரிசையாகச் சொல்லி வந்தவர், படத்துக்கு வந்ததும் ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

"என் தம்பி, கேப்டன், தன் மகளுக்குக் கொடுக்கும் சீர்! கும்பினிப் பட்டாளத்து மேப் ஒண்ணு! காலடிப்பேட்டையிலேருந்து கடலுக்குப் போற பாதையோட!"

காகிதம் என்ற வார்த்தை அன்று அவர் வாயில் வரவில்லை. குப்பத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டார்.

"நைனா, காயிதம் ஒண்ணு காட்டச் சொன்னியே. இதோ கண்ணாடி போட்டே வந்துக்கினு கீது. இன்னா சொல்ற?"

நான் மணையில் உட்கார்ந்து மாமனார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போங்கள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அண்ணாச்சி படத்தைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"என் மருமக சீராக் கொண்டாந்த பாதை. அதை அடைச்சு வைப்பனா? ஏலே, அந்த வேலிப் பலகையைப் பிடுங்குங்கலே!" என்று ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். கெட்டிமேளச் சத்தத்தில் பலகை பிடுங்கும் சத்தமும் கலந்துதான் என் கழுத்தில் தாலி ஏறியது.

ஊர் முன்னால் அவர் தோற்கவில்லை. தானம் செய்த வள்ளலாகவே எழுந்தார். ஆனால் பாதை என் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்த வழியில் வந்த ஆடு, அலைந்த நாய், காணாமல் போன தேக்குத் துண்டு எல்லாம் என் கணக்கு. "உன் மருமக சீரு வழியா ரெண்டு ஆடு வந்து செடியத் தின்னுட்டுப் போயிருக்கு" என்று மாமியாரிடம் சொல்லுவார், நான் பக்கத்திலேயே நிற்கும்போது. என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்பாவிடம் இப்படிச் சாடையாகக்கூடப் பேச்சு கிடையாது. என் வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் போனேன், அது ஏமாற்றவில்லை. ஆனாலும் பேசாத மனிதர் இருக்கும் வீட்டில் பகல் நீளமாக இருக்கும்.

பெண் கொடுத்த வீட்டில் தகப்பன் அடிக்கடி போய் நிற்பது எங்களில் வழக்கமில்லை. அழைத்தால்தான் போக வேண்டும். அப்பாவை யாரும் அழைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூதக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். "படத்தை ஒரு தடவை பாக்கணும். ஒரு சந்தேகம்" என்பார். தானே கேட்டு வாங்கிய படத்தைப் பார்க்கக்கூடாது என்று அண்ணாச்சியால் சொல்ல முடியாது. உள்ளே விடுவார். அப்பா கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் பட்டாளம் போன வழியை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். நான் காபி கொண்டு வந்து கொடுப்பேன். காலில் மெட்டி இருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு வேறொரு சந்தேகத்தோடு வருவார்.

ஒரு ஞாயிறு நல்ல மழை. ராயபுரத்திலிருந்து சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். எனக்குப் பாவமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

"படம் வரையறதே உங்க தொழில். குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வெச்சிருந்தா இப்படி நனைஞ்சுகிட்டு வரணுமாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா பூதக்கண்ணாடியில் இருந்த மழைத் தண்ணீரைச் சட்டை நுனியில் துடைத்தார்.

"எடுத்து வெச்சிருக்கேம்மா" என்றார். "வீட்டுல ரெண்டு நகல் இருக்கு."